நாலு நாள் பயணத்துக்கு இரண்டு அட்டவணை

பயணம் போவதைவிட, அதற்குத் திட்டம் போடுவதுதான் எனக்குப் பிடிக்கும். முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போட்டவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்பதை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்றதும் மத்தியதரைக் கடலோரத்து ஊர் ஒன்றுக்கு நாலு நாள் போய் வருவதென்று முடிவு செய்தபோது, சுற்றுலா நிறுவனத்தின் பக்கமே போகவில்லை. அவர்கள் நம்மை ஆட்டு மந்தை மாதிரி கடைகடையாக ஓட்டிக்கொண்டு போவார்கள். கோடு போட்ட தாளில் நானே எழுதினேன். கோட்டை, காலை எட்டரை. மீன் சந்தை, பத்தேகால். வெயில் ஏறியதும் அருங்காட்சியகம்.

அந்த ஊரைப் பற்றி எனக்குச் சொன்னவர் அண்ணன். கப்பலில் மெக்கானிக்காக இருந்தவர், அந்தத் துறைமுகத்தில் நாலைந்து தடவை இறங்கியிருக்கிறார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, மூன்று வருஷமாக என் வீட்டுப் பின்னறையில் கட்டிலோடு கிடந்தார். பேச்சு குழறும், எனக்குப் புரியும். நான் தாளோடு போய் உட்கார்ந்தால் அவர் முகமே மாறிவிடும்.

"கோட்டைக்குப் படி வழியா ஏறாதே. பின்னாடி லிஃப்ட் இருக்கு, கேட்டா காட்டுவான். நம்ம சக்கர நாற்காலி அதுல போகும்ல?" என்றார்.

போகும் என்றேன். பொய்யில்லை, லிஃப்டின் அகலத்தை விசாரித்து வைத்திருந்தேன். "ரெண்டு டிக்கெட்தானே போட்டிருக்கே?" என்று கேட்டபோது மட்டும் பேச்சை மாற்றினேன். ஆசையாகப் பேசுகிற மனுஷனின் வாயை எதற்கு அடைக்க வேண்டும்? தவிர, மீன் சந்தையைப் பற்றி அவர் இன்னும் பாதிதான் சொல்லியிருந்தார்.

அவரை யாரிடமாவது விட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். அக்கா இரண்டு பேருந்து மாறினால் வந்துவிடும் தூரத்தில்தான் இருக்கிறாள். வந்தால் சும்மா இருக்கமாட்டாள். படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பாள், அவர் முதுகைத் திருப்பிப் பார்ப்பாள். போன தடவை, "ஏன்டா, இவரு இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டாரு?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் குசுகுசுவென்று ஏதோ பேசுகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அண்ணனின் கைபேசியை அன்றைக்கே வாங்கி வைத்துவிட்டேன். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அலமாரியைக் குடைவாள். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவுக்கோ, ஊசியில் நூல் கோக்கும்போதுகூடக் கண் எங்கள் வாசலில்தான் இருக்கும்.

ஆகவே அண்ணனுக்கும் ஓர் அட்டவணை போட்டேன். வேளைக்கு நாலு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம். மாத்திரைகளை நாள்வாரியாகப் பொட்டலம் கட்டி மேலே எழுதினேன். தண்ணீர், நாளைக்கு இரண்டு பாட்டில் வீதம் எட்டு. எல்லாம் இடது கைக்கு எட்டும்படி முக்காலியில் வைத்தேன். ஜன்னலைச் சாத்தி, அறைக்கதவை வெளியே தாழ் போட்டேன். வீட்டுச் சாவி இரண்டும் என் பையில்.

கிளம்புகிற அன்று அவர் நல்ல சட்டை போட்டுவிடச் சொன்னார். அப்போதுதான் அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். நாலே நாள், கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவேன் என்றேன். அழுதார்தான், அதை நான் மறைக்கவில்லை.

தையற்காரம்மாவிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். "அண்ணன் அப்பப்ப சுவத்தைத் தட்டுவாரு. அது அவருக்கு ஒரு பழக்கம், கண்டுக்காதீங்க. அக்கா உள்ளேதான் இருக்காங்க."

"அவங்க வந்ததை நான் பாக்கலையே சார்?"

பார்த்தீர்களா, எப்படி வேவு பார்க்கிறாள் என்று. பின்வாசல் வழியாக வந்தாள் என்றேன்.

எட்டுப் பாட்டிலும் திறக்காமலே இருந்தன, மூடிகளில் பல் தடம் இருந்தது என்று நீங்கள் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். கடையில் வாங்கிய பாட்டில்கள். ஒற்றைக் கையால் திருகித் திறக்க வராது. வீட்டில் எப்போதும் நான்தான் திறந்து கொடுப்பேன், அதனால் அட்டவணை எழுதும்போது அது தோன்றவில்லை. எப்போது தோன்றியது என்று கேட்கிறீர்கள். விமானத்தில். பணிப்பெண் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள், மூடியைத் திருகினேன், அப்போது தோன்றியது.

இறங்கியதும் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கைபேசியைக் கையில் எடுக்கவும் செய்தேன். அக்காவிடம் சொன்னால் பூட்டை உடைப்பாள், தெருவே கூடிவிடும், அண்ணன் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்வார். என் வீட்டுக்குள் நின்றுகொண்டு நாலு பேர் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? வாழைப்பழத்திலும் ஈரம் இருக்கத்தான் செய்கிறது. கைபேசியை உள்ளே வைத்துவிட்டு விடுதிக்குப் போனேன்.

மறுநாள் கோட்டைக்குப் பின்னால் அண்ணன் சொன்ன இடத்திலேயே லிஃப்ட் இருந்தது. மேலே நின்று பார்த்தால் கடல் அவ்வளவு நீலம். அப்போதுதான் தையற்காரம்மா கைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், உங்க அண்ணன் விடாம தட்டுறாரு. ஒரு எட்டு போய்ப் பாக்கட்டுமா?"

"வேணாம்மா. அக்கா பாத்துப்பாங்க."

நாலாம் நாள் காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது மறுபடியும் பேசினாள்.

"நேத்து மத்தியானத்துல இருந்து சத்தமே இல்ல சார். தூங்குறாரா?"

"ஆமாம்மா, தூங்கட்டும்."

பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினேன். பக்கத்தில் ஒரு தீவு இருக்கிறது, படகில் ஒரு மணி நேரம். டிக்கெட்டை மூன்று நாள் தள்ளிப் போட்டுக்கொண்டு அதையும் ஆற அமரப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஊர் சுற்றுகிற ஆசையில் அண்ணனை மறந்துவிட்டான் என்று அக்கா எல்லோரிடமும் சொல்கிறாளாம். அது அபாண்டம். அவர் தட்டுவது நின்றுபோகும் வரை, என் பயணத்தை நான் ஒரு மணி நேரம்கூட நீட்டவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.