மிளகுக்கு நான் போட்ட மார்க்

நாய்க்கு மார்க் போடுவது பிள்ளைகளுக்கு மார்க் போடுவதைவிடச் சுலபம். கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன். நாய் காப்பியடிக்காது. அதன் அப்பா சண்டைக்கு வந்து வாசலில் நிற்க மாட்டார்.

தமிழ்மதி மேடம், நீங்கள் போனில் கேட்டது ஒரே கேள்விதான். முருகேஸ்வரியம்மா மிளகைக் கேட்கிறார்களே, ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள் ஆக்னல் சார் என்றீர்கள். வாயால் சொல்ல வரவில்லை, எழுதிவிடுகிறேன். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

நோயாளிகளுக்குத் துணை நாய் கொடுக்கும் நம் மையத்தில் நாய்களைப் பழக்குவது நீங்கள். கடைசிப் பரீட்சை வைப்பது நான். மிளகு பெரும்பாறையிலிருந்து குட்டியாக வந்த கறுப்பு லாப்ரடார். கொட்டகை மழைக்கு ஒழுகுகிறது, உங்கள் வீட்டில் இருக்கட்டும் சார் என்று நீங்கள்தான் கொண்டுவந்து விட்டீர்கள். அப்போது என் மனைவி கேத்தரின் இறந்து ஏழு மாதம். நான் இருமினால் மிளகு தலையைத் தூக்கிப் பார்க்கும். அப்படிப் பார்க்க எனக்கு வேறு ஆள் இல்லை. உங்கள்மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து பூண்டியிலிருந்து தாரணியின் ஸ்வெட்டர் வந்தது. பத்தொன்பது வயது, அடிக்கடி வலிப்பு வரும் பிள்ளை. மிளகு போக வேண்டியது அவளிடம்தான். அவள் விழுந்தால் ஆள் வரும்வரை விடாமல் குரைக்க வேண்டும் என்று பழக்கியிருந்தீர்கள். வாடை முன்கூட்டியே பழகட்டும் என்று அந்த நீல ஸ்வெட்டரை என்னிடம் கொடுத்தீர்கள். நானும் மிளகின் படுக்கையில் விரித்தேன். முதல் வாரம் அதில் படுத்துத் தூங்கியது. இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் ஸ்வெட்டரை வாயில் கவ்விக்கொண்டு போய், வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்தது. நான் கூப்பிட்டேன். திரும்பியது, ஆனால் வரவில்லை.

மறுநாள் ஸ்வெட்டரைப் பின்கட்டில் தரையில் போட்டேன். மிளகு ஆசையாகப் போய் மோந்தது. தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சுத்தியலால் ஓங்கி ஒரு அடி, தகரத்தின் மேல்தான். நாயை நான் ஒரு நாளும் அடித்ததில்லை. சத்தம் யாரிடமிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். பிறகு உள்ளே போய் அதன் தலையை மடியில் வைத்துத் தடவிக் கொடுப்பேன், நடுக்கம் நிற்கும்வரை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பதினோரு நாள். கடைசி மூன்று நாளும் சுத்தியல் தேவைப்படவில்லை. ஸ்வெட்டரை எடுத்துக் காட்டினாலே போதுமாக இருந்தது.

பரீட்சை அன்று நீங்களும் இருந்தீர்கள். ஏரிச்சாலையில் குதிரைகளுக்கு நடுவே மிளகு நேராக நடந்தது. குரங்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்துக்கு முன்னால் குடையை விரித்தோம், அசையவில்லை. நீங்கள் வலிப்பு வந்தவர்போல் புல்லில் விழுந்தீர்கள். அது குரைத்த குரல் முந்நூறு காலடிக்குத் தெளிவாகக் கேட்டது. நான்தான் நடந்து அளந்து தாளில் எழுதினேன். வேலைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அதில் நான் அநியாயமாக ஒரு மார்க்கூடக் குறைக்கவில்லை.

அடுத்தது குணம். தாரணியை வரச் சொன்னோம்.

"வெள்ளனே எந்திரிச்சு தலைக்குக் குளிச்சிட்டா சார். ராத்திரி பூரா தூக்கமே இல்ல" என்று அவள் அம்மா முருகேஸ்வரியம்மா சிரித்தார்கள்.

தாரணி முட்டி போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். "வா மிளகு."

மிளகு வயிறு தரையில் பட ஒடுங்கியது. நின்ற இடத்திலேயே சிறுநீர் போயிற்று. பிறகு ஊர்ந்து வந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. தாரணி நீட்டிய கையைச் சட்டென்று மடக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, தன் தோளை மோந்து பார்த்தாள்.

"எம்மேல ஏதும் வாடை அடிக்குதாம்மா?"

"உன் தப்பு இல்ல பாப்பா. நாயோட குணம் அப்படி" என்றேன். குணம் என்ற இடத்தில் 'பயந்த சுபாவம், தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேறாத நாயை யாராவது வீட்டில் வளர்க்கலாம் என்பது நம் விதி. நான் வளர்க்கிறேன் என்றேன். உங்களுக்குக் கண் கலங்கியது. பெரிய மனசு சார் உங்களுக்கு என்றீர்கள்.

அவளுக்கு அடுத்த நாய் எட்டு மாதத்தில் தயாராகியிருக்கும். அதை நான் தடுத்திருக்க மாட்டேன்.

நாலாம் மாதம் அது நடந்தது. வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டை ஏற்ற முருகேஸ்வரியம்மா ரோட்டுக்குப் போனார்கள். இருபது நிமிஷச் சோலி. தாரணி கேரட் கழுவும் தொட்டியருகே இருந்தாள். தண்ணீர் முழங்காலளவுதான். குப்புற விழுந்திருந்தாள். காரியத்துக்கு மறுநாள் நான் தனியாகப் பூண்டிக்குப் போனேன். தொட்டியிலிருந்து ரோடு வரை நடந்து பார்த்தேன். நூற்று அறுபது காலடி.

நான் நடப்பதைப் பார்த்துவிட்டு முருகேஸ்வரியம்மா கூப்பிட்டு டீ கொடுத்தார்கள்.

"சார், அந்த நாய எங்களுக்கே குடுத்துருங்க. அது ஒரு சோலியும் பாக்க வேணாம், சும்மா கெடக்கட்டும். இவ அதப் பத்தியேதான் பேசிக்கிட்டிருப்பா. 'பாவம்மா, அத யாரோ பயங்காட்டிருக்காங்க. நம்ம வீட்டுக்கு வந்துட்டா சரியாயிரும்'னு சொல்லுவா."

நான் டீயைக் குடித்து முடித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

மறுத்ததற்குக் காரணம் இதுதான் மேடம். அந்த வீட்டில் பாய், துணி, கதவு எல்லாவற்றிலும் தாரணியின் வாடை இருக்கும். மிளகால் அங்கே ஒரு நாள் இருக்க முடியாது. நான் மிளகின் நன்மையைத்தான் பார்க்கிறேன். தாரணி வலிப்பால் இறந்தாள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அது சரிதான். அந்த இருபது நிமிஷத்தை அவளிடமிருந்து எடுத்தவன் நான். மிளகு அங்கே இருந்திருந்தால் அவள் அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். நாயை மட்டும் பிரிக்காதீர்கள். நான் அதைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். நேற்று மத்தியானம் சங்கிலியைக் கழற்றி, வாசலையும் கேட்டையும் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மிளகு கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. போகவில்லை. அதற்கு என்மேல் அவ்வளவு பிரியம்.