ஒரு வரியை விட்டுவிட்டு ஜெபித்த பெரியக்காவுக்கு

குருதியின் ஒரு துளிக்குள்ளும் ஒரு குடும்பத்தின் கவலை குடியிருப்பதைக் கண்டவரே, கண்ணாடிக் குழாய்களைக் கைக்குழந்தையைப் போல் ஏந்தியவரே, முப்பத்தோர் ஆண்டுகளாக இம்மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்துக்கு முதல் ஆளாய் வந்து முழுதும் ஓய்ந்தபின் விளக்கணைத்துச் சென்றவரே, எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரியவரே, பெரியக்கா அவர்களே, தங்களோடு பணிசெய்த நாங்கள் பணிந்து வாழ்த்துகிறோம்.

முறைப்படி ஒரு மடல் எழுதித்தான் வைத்திருந்தோம். தங்கள் பொறுமைக்கு ஒரு பத்தி, நேரந்தவறாமைக்கு ஒரு பத்தி, எவருக்கும் அகப்படாத நரம்பை ஒரே குத்தில் கண்டுபிடிக்கும் தங்கள் விரல்களுக்கு ஒரு பத்தி என்று வரிசையாக இருந்தது. வாசித்துப் பார்த்தால் அதில் தங்களைக் காணவில்லை. ஓய்வுபெறும் யாருக்கும் வாசிக்கலாம் போலிருந்தது. அப்போது எங்கள் இரண்டாம் மேசைக்காரர் கையை உயர்த்தினார். எந்த இரத்தக் குழாய் வந்தாலும் “அவசரமா?” என்று கேட்டே வாங்குவதால் நாங்கள் ‘அவசரம்’ என்று அழைக்கிறோமே, அவர்தான்.

“அக்காவைப் பத்தி எழுதுறீங்க, அக்கா பட்ட பாட்டை விட்டுட்டீங்க. அவங்க பட்டது என்னால. அதை எழுதுங்க. வாசிக்கும்போது நான் முன்வரிசையிலதான் உக்காந்திருப்பேன், எங்கேயும் ஓடிட மாட்டேன்” என்றார்.

தங்கள் சம்மதத்தையும் அவரே கேட்டு வாங்கி வந்தார். ஆகவே இது அவர் கதையும்கூட. அவர் சொன்னபடியே சொல்கிறோம்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகல். ஒரே வார்டிலிருந்து, ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்களின் இரத்தம் மேலே வந்தது. ஒருவருக்கு மறுநாள் காலை அறுவை சிகிச்சை. மற்றவருக்குச் சாதாரணக் காய்ச்சல். சீட்டைப் பார்த்து லேபிள் எழுதி ஒட்டும் வேலை அவசரத்தினுடையது. அன்று அவர் மகளை முதன்முதலாகப் பள்ளியில் சேர்க்கப் போகவேண்டும்; இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கடிகாரத்தில் ஒரு கண்ணும் குழாயில் ஒரு கண்ணுமாக இருந்தவர், பெயரைப் பார்த்தார், எண்ணைப் பார்க்கவில்லை. இவர் லேபிள் அவர் குழாயிலும், அவர் லேபிள் இவர் குழாயிலுமாக மாறி ஒட்டிவிட்டுப் படியிறங்கி ஓடினார். இரத்தப் பிரிவைச் சோதித்துத் தாங்கள் கையெழுத்திட்டீர்கள். லேபிளை இன்னொரு முறை சீட்டோடு ஒப்பிடவில்லை. அவர் ஒட்டினால் சரியாக இருக்கும் என்று நம்பினீர்கள்.

மறுநாள் அறுவை அரங்கில், இரத்தப் பையைத் தொங்கவிடுவதற்கு முன் ஒரு செவிலியர் தம் வழக்கப்படி நோயாளியிடம் ஒரு துளி எடுத்துச் சோதித்தார். பிரிவு ஒத்துப்போகவில்லை. பை திரும்பி வந்தது, அந்த அம்மாள் பிழைத்தார். அதில் எங்கள் கெட்டிக்காரத்தனம் எதுவுமில்லை.

விசாரணை வந்தது. கண்காணிப்பாளர் டாக்டர் இரண்டு குழாய்களையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, “லேபிள் ஒட்டினது யாரு?” என்று கேட்டார்.

“நான் அப்ப வெளியில போயிருந்தேன் சார்” என்றார் அவசரம்.

அது முழுப் பொய்கூட இல்லை. வெளியே போனது உண்மை. ஒட்டிவிட்டுப் போனதை மட்டும் விழுங்கிவிட்டார். சொன்ன பிறகுதான் குழாயைப் பார்த்தார். லேபிளில் ஓர் ஏழு இருந்தது, நடுவில் குறுக்குக் கோட்டோடு. எங்கள் கூடத்தில் ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுகிறவர் அவர் ஒருவர்தான். கண்காணிப்பாளருக்கு அது தெரியாது, தங்களுக்குத் தெரியும். தாங்கள் குழாயைப் பார்த்தீர்கள், அவரைப் பார்த்தீர்கள், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, “கடைசிக் கையெழுத்து என்னோடது சார். பொறுப்பும் என்னோடது” என்றீர்கள்.

ஒரு வாரத்தில் தங்கள் அறைக் கதவிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். தலைமைப் பொறுப்புக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். தாங்கள் கீழ்த்தளத்தில், வெளிநோயாளிகளிடம் இரத்தம் எடுக்கும் ஜன்னலுக்கு அனுப்பப்பட்டீர்கள். பதினெட்டு ஆண்டு அனுபவத்தோடு, நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்.

அவசரம் தப்பித்தார். தப்பித்தவர் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லை. ஒவ்வொரு லேபிளையும் நான்கு முறை பார்த்தார். வீட்டில் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்தார். “பூட்டு கையோட வந்துரும் போலிருக்கே, என்ன ஆச்சு உங்களுக்கு?” என்று மனைவி கேட்டார். ஜெபத்தையாவது விட்டாரா என்றால் அதுவும் இல்லை. முன்பைவிட அதிகமாக ஜெபித்தார். மகளின் படிப்புக்காக, தாயின் முழங்கால் வலிக்காக, பக்கத்து வீட்டாரின் பயணத்துக்காக என்று ஊரையெல்லாம் சுற்றி வந்தார். அந்த ஒரு விஷயத்தின் அருகில் மட்டும் போகவில்லை. “கடவுளுக்குத் தெரியாத மாதிரி அவர்கிட்டயே நடிச்சுக்கிட்டு இருந்தேன்” என்று இன்று அவரே சொல்கிறார்.

இனி நாங்கள் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம்.

நம் கூடத்தில் வேலை தொடங்குமுன் நடுமேசையைச் சுற்றி நின்று ஐந்து நிமிடம் ஜெபிப்பது வழக்கம். முன்பெல்லாம் தாங்கள்தான் நடத்துவீர்கள். இன்று ஊசிக்கு வரும் பிள்ளைகள் அழக்கூடாது, எங்கள் கை நடுங்கக்கூடாது என்று இரண்டு விண்ணப்பங்கள், அதோடு முடிந்துவிடும். பதவி போன பிறகும் கீழிருந்து படியேறி வந்து கடைசி வரிசையில் நின்றீர்கள். புதிய தலைவர் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், முடிவில் எல்லோரும் சேர்ந்து ஆண்டவர் கற்றுத்தந்த ஜெபத்தைச் சொல்வோம். அவசரம் தங்களுக்கு இரண்டடி முன்னால் நிற்பார். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, அவர் காதில் ஒன்று பட்டது. பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த தங்கள் குரல் ஓரிடத்தில் நின்றது. பிறருக்கு நாங்கள் மன்னிப்பதுபோல எங்களுக்கும் மன்னியும் என்று கேட்கும் இடம். அந்த வரி முடிந்ததும் குரல் மறுபடி சேர்ந்துகொண்டது.

தற்செயல் என்று நினைத்தார். மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. எட்டு மாதம், பெரியக்கா. எட்டு மாதமும் எல்லோரும் முழு ஜெபம் சொன்னோம், தாங்கள் ஒரு வரி குறைத்துச் சொன்னீர்கள். எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. அவர் ஒருவருக்குத்தான் அந்த இடைவெளி ஓங்கிக் கேட்டது. அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்பதும் அவருக்கு விளங்கிவிட்டது. என்றைக்காவது கூப்பிட்டுத் திட்டமாட்டார்களா என்று ஏங்கினார். தாங்கள் திட்டவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் “சாப்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கடந்துபோனீர்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அந்த இடம் வந்தபோது தங்கள் குரல் நிற்கவில்லை. தடுமாறியது, கரகரத்தது, ஆனாலும் அந்த வரியை முழுதாகச் சொல்லி முடித்தது. அவசரம் ஜெபம் முடியும்வரை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையெல்லாம் வேலை ஓடவில்லை. நண்பகலில் ஜன்னலில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துக் கீழே வந்தார். இரத்தம் கொடுப்பவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் தாங்கள் அவர் கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளப் போனீர்கள்.

“ரத்தம் குடுக்க வரலைக்கா. அந்த லேபிளை மாத்தி ஒட்டினது நான்தான்.”

“தெரியும் தம்பி. அந்த ஏழு உன்னோட ஏழுதானே.”

“தெரிஞ்சும் ஏங்க்கா சொல்லாம இருந்தீங்க?”

தாங்கள் பஞ்சையும் ஊசியையும் ஓரமாக நகர்த்தி வைத்தீர்கள். “உன்னைக் காப்பாத்தணும்னு நினைச்சேன்னு தப்பா எண்ணிக்காதே. நான் பாக்காம கையெழுத்துப் போட்டது நிஜம், அதனால அதை மட்டும் சொன்னேன். மத்தபடி உன் மேல வந்த கோவம் இருக்கே, உன் முகத்தைப் பாத்தாலே வயிறு எரியும். அந்த வரியை எப்படிச் சொல்றது? பொய்யா சொல்றதுக்குப் பேசாம நின்னுடலாம்னு நின்னேன். ஆண்டவர்கிட்டயாவது உண்மையா இருக்கணும்ல.”

“இன்னைக்குச் சொன்னீங்களே அக்கா. கோவம் போயிடுச்சா?”

“முழுசா போகலை. ‘ஆண்டவரே, நான் வாயால சொல்லிடறேன், நீர் இதை உண்மையாக்கிடும், எனக்குத் தெம்பில்லை’ன்னு சொல்லிட்டுத்தான் சொன்னேன்.” பிறகு, “அந்தப் பலகையைக் கழட்டினாங்க பாரு, அன்னைக்கு நான் யாருன்னே எனக்கு மறந்துபோச்சு. பதினெட்டு வருஷமா அந்தப் பலகைதான் நான்னு நினைச்சிட்டேன் போல. இந்த ஜன்னல்ல உக்காந்து அழுது தீத்தப்புறம்தான், நான் அவரோட பிள்ளைன்னு ஞாபகம் வந்துச்சு. அதைக் கழட்ட எந்த ஆஸ்பத்திரியாலயும் முடியாது. அது தெரிஞ்சப்புறம் உன்னைப் பாத்தா கொஞ்சம் பாவமா இருந்துச்சு” என்றீர்கள்.

அவர் அழுதார். மன்னித்துவிடுங்கள் என்றார். தாங்கள் மன்னித்தேன் என்றீர்கள். அங்கேயே முடிந்துவிடும் என்று நினைத்து அவர் எழுந்தார்.

“எங்கே கிளம்பிட்ட? நான் மன்னிச்சது வேற, நீ பெரிய டாக்டர்கிட்ட சொல்றது வேற. அந்த அம்மா செத்திருக்கலாம். நாளைக்கும் யாராவது ரெண்டு பேர் ஒரே பேர்ல வருவாங்க. வா, நானும் கூட வர்றேன்.”

இருவரும் சேர்ந்தே மாடியேறினீர்கள். கண்காணிப்பாளர் அறைக்கு வெளியே அவர் நின்றுவிட்டபோது தாங்கள் கதவைத் தட்டினீர்கள், ஆனால் பேசவில்லை. அவரையே பேச விட்டீர்கள். அவருக்கு ஒரு மாதம் பணியிடைநீக்கம் விதித்தார்கள். அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் மறுநாள் விடியும்வரை எழவில்லை. காய்ச்சலோ என்று மனைவி நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். எட்டு மாதத் தூக்கம் அது. ஒரு லேபிளை இருவர் பார்த்து இருவர் கையெழுத்திட வேண்டும் என்ற விதி அந்த மாதம் வந்தது. மூன்று வாரத்தில் தங்கள் பொறுப்பும் திரும்பி வந்தது. பெயர்ப்பலகையை மட்டும் தாங்கள் மறுபடி மாட்டச் சொல்லவில்லை. அந்தக் கதவில் இன்றும் இரண்டு ஆணித்துளைகள்தாம் இருக்கின்றன.

அந்த அம்மாள் வீட்டுக்கும் இருவரும் போனீர்கள். அவர் முழுதும் கேட்டுவிட்டு, “மன்னிக்கிறதைப் பத்தி யோசிச்சுச் சொல்றேன்” என்றார். இதுவரை சொல்லியனுப்பவில்லை. வழியில் அவசரம் வருத்தப்பட்டபோது, “அது அவங்க உரிமை தம்பி. நாம கேக்கலாம், பிடுங்க முடியாது” என்றீர்கள்.

மன்னித்தவர் மெத்தென்றவர் என்று சபையோர் யாரும் எண்ணிவிட வேண்டாம். அவசரம் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே லேபிள் பதிவேட்டை முழுதும் புதிதாக எழுதச் சொன்னீர்கள். ஏழில் கோடு கோணலாக விழுந்த பக்கங்களைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுத வைத்தீர்கள். எங்களில் யாரும் தங்களிடம் திட்டு வாங்காமல் இருந்ததில்லை. திட்டு வாங்கியபின் தங்களோடு சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்ளாமல் இருந்ததும் இல்லை.

போன வாரம், இனிமேல் காலை ஜெபத்தை அவசரம் நடத்தட்டும் என்றீர்கள். இத்தனை ஆண்டுகளாக எத்தனை முறை கேட்டும் மறுத்தவர் அவர். அன்று நடுமேசை அருகே வந்து கண்ணை மூடினார். பிறகு சொன்னார்: “ஆண்டவரே, நான் செஞ்சது உமக்குத் தெரியும். இங்க நிக்கிறவங்களுக்கும் தெரியும். அதனால எனக்கு இப்போ ஒளிக்க ஒண்ணுமில்லை, பயமில்லாம கேக்கறேன்.”

இதை அவரே எங்களைக்கொண்டு எழுதவைத்து, இத்தனை பேர் முன்னால் வாசிக்கவும் வைத்து, முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பெரியக்கா அவர்களே, தாங்கள் செய்த பணிக்கு இதைவிடச் சிறந்த சான்று எங்களிடம் இல்லை.

இனி தங்கள் காலைகள் தங்களுக்கே உரியவை ஆகுக. கால்கள் வலியின்றி நடக்கட்டும், கண்கள் நெடுநாள் தெளிந்திருக்கட்டும், கைகள் நடுங்காதிருக்கட்டும். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் மடியில் ஏந்தும் ஆயுளை ஆண்டவர் அருள்வாராக. எங்களில் எவர்மேலாவது இன்னும் கோபம் மிச்சமிருந்தால், அதையும் அவரிடம் உள்ளபடியே சொல்லுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்.

என்றும் தங்கள் அன்புக்கும் அதட்டலுக்கும் கடன்பட்ட,
பரிசோதனைக் கூடத்துப் பணியாளர்கள் பதினொருவர்,
அவர்கள் சார்பில் முதல் கையெழுத்தாக, இரண்டாம் மேசைக்காரர்