மாப்பிள்ளை வண்டியின் ஸ்டெப்னி

உங்கள் ஜீப்பின் இடது பின்சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறது, சார். என்னை ஏற்றி வரும்போதே கவனித்தேன். திருப்பங்களில் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. டிரைவரிடம் சொன்னேன். அவர் முறைத்தார். போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறவனின் பேச்சைக் கேட்டு யார் காற்றடிப்பார்கள்? ஆனாலும் நாளைக்குள் பார்த்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டயரின் ஓரம் தேய்ந்து வீணாகிவிடும்.

என் வாக்குமூலமாக நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட வேண்டும். 'கவனக்குறைவு' என்று இரண்டு இடத்தில் வருகிறது. என் மெக்கானிக் கடையில் வேலை பார்த்த வண்டி வழியில் நின்றது என்று ஒருவன் சொல்லட்டும், நான் பேசாமல் கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவாக நான் ஒரு நட்டைக்கூட முடுக்கியதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே அடிப்பீர்கள்.

எனக்கு ஒரே மகள். கல்யாணமான பிறகும் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தாள். சாயங்காலம் கடைக்கு வந்து, பழைய பேருந்து சீட் ஒன்று ஓரமாகக் கிடக்கும், அதில் உட்கார்ந்து நான் ஷட்டரை இறக்கும்வரை பேசிக்கொண்டிருப்பாள். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு நான் 'ம்' கொட்டுவேன். அவள் அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொல்வாள். ஒரு மனிதனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

மாப்பிள்ளை மேற்கூரைகளில் சூரிய மின்தகடு மாட்டும் வேலை பார்த்தார். நல்லவர். வாய் கூசாமல் சொல்கிறேன், அவரைக் குறை சொல்ல வழியே இல்லை. குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், என் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டார். இப்படிப்பட்ட ஆளை வெறுப்பது சுலபமான வேலை இல்லை. ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குழம்பைத் தள்ளச் சொல்வதுபோல, மலைப்பக்கம் பெரிய வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, குடித்தனத்தோடு போகிறோம் என்றார். நான் மகளைப் பார்த்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. முகத்தில் சந்தோஷம் வழிந்தது. அதை எனக்காகக் கொஞ்சம் மறைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை.

மலைப்பாதைக்கு ஏற்றபடி அவர் தன் பிக்கப்பை உயர்த்திக் கட்டினார். ஸ்பிரிங்குக்குக் கீழே கட்டை கொடுத்து, பாடியைத் தூக்கி, பெரிய டயர்களாக மாட்டிக்கொண்டார். எங்கே செய்தார் தெரியுமா? ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் கண்ணாடி வைத்த கடையில். மாமனார் ஆயுள் முழுக்க ஸ்பேனர் பிடித்தவர், அவர் கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கேட்டால், 'உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்' என்று ஒரு சிரிப்பு. அவர்கள் நாலு சக்கரத்தையும் பளபளவென்று மாட்டிக் கொடுத்துவிட்டு, ஐந்தாவதை, ஸ்டெப்னியை, பின்னால் பெட்டியில் உருட்டிவிட்டார்கள். அது அடியில் ஏறாது, அளவு பெரியது என்று கைகழுவிவிட்டார்கள். விருந்தை வேறு இடத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவ மட்டும் என்னைக் கூப்பிட்டதுபோல, அந்த வேலை என்னிடம் வந்தது.

வீட்டைக் காலி செய்த அன்று காலையில் வந்தார்.

"மாமா, ஸ்டெப்னி மேல இருந்தா கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடம் பத்தல. எப்படியாவது கீழ ஏத்திக் குடுத்துடுங்க. உங்களால முடியாததா?"

என்னால் முடியும். அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பிக்கப்பின் பின்பக்க அடியில் ஸ்டெப்னி மல்லாந்து படுத்திருக்கும். நடு ஓட்டை வழியாக ஒரு சங்கிலி. பின்னாலிருக்கும் துளையில் சுற்றுக்கம்பியை விட்டுச் சுற்றினால் சங்கிலி சக்கரத்தை மேலே இழுக்கும். முழுக்க ஏறி சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், உட்கார்ந்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சங்கிலி பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அந்த உயரத்துக்கு வந்தால்தான் பக்கத்திலிருக்கும் கொக்கியும் சக்கரத்தைப் பிடிக்கும். சங்கிலி அறுந்தாலும் கொக்கி விடாது. அந்த இருட்டுக்குள் தலையை விட்டுப் பார்க்க முடியாது. அதனால் எங்கள் தொழிலில் யாரும் பார்ப்பதில்லை, காதைத்தான் கொடுப்போம். சத்தம் வந்தால் வேலை முடிந்தது.

பெரிய சக்கரம் அப்படி ஏறாது. முன்பக்கம் சைலன்சர் குழாயில் இடிக்கும், பின்பக்கம் இழுவைக் கம்பியில் இடிக்கும். அதற்கும் வழி இருக்கிறது. டயரின் காற்றைப் பிடுங்கிவிட்டு, நசுக்கி உள்ளே தள்ளி, சைலன்சரைத் தாங்கும் பட்டையைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டி, சங்கிலியைச் சுற்றினால் டக்கென்று உட்காரும். பிறகு காற்றை அடித்துவிடலாம். என் கடையில் இப்படி எத்தனையோ வண்டிகளுக்குச் செய்திருக்கிறேன். ஒன்றும் இறங்கியதில்லை.

அன்று நான் காற்றைப் பிடுங்கவில்லை. சைலன்சர் பட்டையைத் தொடவும் இல்லை. சக்கரத்தை அப்படியே சாய்வாக ஏற்றி, குழாய்க்கும் இழுவைக் கம்பிக்கும் நடுவில் இறுக்கினேன். ஒரு கட்டத்துக்கு மேல் சுற்றுக்கம்பி திரும்பவில்லை. கைக்கு நல்ல இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் பூட்டு விழவில்லை, கொக்கி எட்டவில்லை. நாலு பள்ளத்தில் குதித்தால் சக்கரம் நழுவும், நழுவினால் மொத்தப் பாரமும் பூட்டாத சங்கிலியில் விழும் என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை மேலே நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"சத்தம் வந்துச்சா மாமா?"

அந்தச் சத்தத்தைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஸ்பேனரால் சேசிஸில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"வந்துடுச்சு மாப்பிள்ளை."

அவர் இறங்கி வந்து டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. 'மாமா கை பட்டா பட்டதுதான்' என்று என் மகளிடம் சொன்னார். அவள் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

இப்போது மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் பெல்ட்டுக்கு வருகிறேன். உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டேன், எப்போது கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன். அது மாப்பிள்ளையுடையது. மின்தகடுகளைக் கட்டுகிற பெல்ட். நான் கை கழுவப் போன நேரத்தில் அவரே வண்டிக்கு அடியில் படுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டெப்னியைச் சுற்றி அதைப் போட்டு இறுக்கியிருந்தார். நன்றாகத்தான் கட்டியிருந்தார். அது இருந்திருந்தால் சக்கரம் தரையைத் தொட்டிருக்காது. சைலன்சர் சூட்டில் பெல்ட் கருகும், கருகினால் தீப்பிடிக்கும் என்று சொல்லி அவிழ்க்க வைத்தேன். சொன்னது பொய்யில்லை, சூட்டில் கருகத்தான் செய்யும். மறுபக்கமாகச் சுற்றினால் கருகாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவிழ்த்த பெல்ட்டைச் சுருட்டி என் அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

அவர்களிடம் ஒரு சின்னக் காரும் இருந்தது. அதை நான் ஓட்டிக்கொண்டு வருவதாக முதலில் பேச்சு. இடுப்பு வலிக்கிறது என்றேன். மகளே ஓட்டுகிறேன் என்றாள். நன்றாக ஓட்டுவாள், நான்தான் பழக்கிவிட்டேன். கிளம்பும்போது காரின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு அவளிடம் சொன்னேன்.

"நடுவுல வேற வண்டிய விட்டுடாதம்மா. உனக்கு வழி தெரியாது. அவரு வண்டிய ஒட்டியே போ."

"சரிப்பா" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள் சார். அவர் தனியாகப் போகும்போது சக்கரம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிறுத்தி, எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருப்பார். ராத்திரி அவளிடம் ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருப்பார். அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும். எப்படிப்பட்ட வண்டியை, எப்படிப்பட்ட ஆளை நம்பிக் கிளம்பியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைக்க வேண்டும். கொஞ்சம் பயப்படுவாள், அழுவாள், 'அப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க' என்று போன் செய்வாள். அன்று நான் வேறு வேலை எதையும் எடுக்கவில்லை. இழுவை வண்டியில் டீசலை நிரப்பிக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஓடுகிற வண்டியிலிருந்து அவ்வளவு கனமான சக்கரம் விழுந்தால் எப்படித் துள்ளும் என்று தெரியுமா என்றும் கேட்டீர்கள். தெரியும். அப்படி அடிபட்ட கார் ஒன்று முன்பு என் கடைக்கு வந்தது. கூரை ஸ்டியரிங் வரை இறங்கியிருந்தது. அதை நிமிர்த்த முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான்தான்.

ஆற்றுப்பாலம் தாண்டியதும் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அங்கேதான் விழுந்தது. போன் வந்தது, ஆனால் அவள் பேசவில்லை, மாப்பிள்ளைதான் பேசினார். அவர் பேசியது எதுவும் புரியவில்லை. எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தது நான்தான். கார் கதவை வெட்டி அவளை வெளியே எடுத்ததும் நான்தான். வேறு யாராவது வெட்டியிருந்தால் கையும் போயிருக்கும் என்று டாக்டரே சொன்னார். கழுத்தடியில் முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. கால்கள் இனி வராது. கைகள் கொஞ்சம் தூக்க வரும், எதையும் பிடிக்க வராது.

உங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்தபோது, ஸ்டெப்னியைத் தானே மாட்டியதாக மாப்பிள்ளை சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன். மறுக்கவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள், வழக்குப் போட்டீர்கள், மலை வேலையும் போயிற்று. ஏன் இப்படிப் பழியைத் தலையில் போட்டுக்கொண்டார் என்று எனக்குக் கொஞ்ச நாள் விளங்கவில்லை. ஜாமீனில் வந்த பிறகு என் மனைவியிடம் அடுப்படியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமாவுக்கு வயசாயிடுச்சு அத்த. கை தவறிடுச்சு, பாவம். இந்த வயசுல அவர எதுக்கு ஸ்டேஷனுக்கு அலைய விடணும்?"

பாவமாம். கை தவறியதாம். அவ்வளவு வருஷத்தில் அந்த ஆள்மேல் எனக்கு வந்த கோபத்தையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு பேச்சுக்கு ஈடாகாது. என் கை தவறவில்லை சார். அந்த வேலையில் நான் எதையெல்லாம் செய்யவில்லையோ, அது ஒவ்வொன்றையும் தெரிந்துதான் செய்யவில்லை. அதற்காகத்தான் அந்த வார்த்தையை அடிக்கச் சொல்கிறேன். தண்டனை எதுவோ அதைக் கொடுங்கள். ஆனால் ஒரு கிழவன் சத்தத்தைச் சரியாகக் கேட்காமல் விட்டுவிட்டான் என்று நாளைக்கு ஊர் பேசக்கூடாது.

பெல்ட் உங்களிடம் வந்த கதை உங்களுக்குத் தெரியும். மகளுக்குக் கட்டில் கம்பி ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது, ஸ்பேனர் தேடி என் மனைவி அலமாரியைத் திறந்திருக்கிறாள். மாப்பிள்ளை அதைத் தேடித் தேடி எல்லோரிடமும் விசாரித்திருந்தார், அதனால் அவளுக்கு அடையாளம் தெரியும். இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டாள். ஸ்டெப்னியில் அவர் கட்டியிருந்ததைக் கழற்ற வைத்தேன், எடுத்து வைத்தேன் என்றேன். உடனே அவள் அதைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டாள். பக்கத்து அறையில் மகள் படுத்திருந்தாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழுந்திருக்கும்.

அவளுக்காகக் கடையை ஒட்டிய அறையைத்தான் ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். வாசற்படியை இடித்துச் சரிவாகக் கட்டினேன், கதவை அகலப்படுத்தினேன், கட்டிலை ஏற்றி இறக்க ஜாக்கி பொருத்தினேன். எல்லாம் என் கையாலேயே. படுத்தபடி என் வேலையை அவள் பார்க்கலாம். முன்பெல்லாம் சாயங்காலம் மட்டும்தான் வருவாள், இப்போது நாள் முழுக்க என்னோடுதான் இருக்கிறாள். மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வந்து நிற்கிறார். அவருக்கு என்ன தெரியும்? அவளைத் திருப்பிப் படுக்கவைக்கக்கூட வராது.

அடித்துவிட்டீர்களா? நல்லது, கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு, காவலுக்கு ஆள் போட்டாவது, என்னைக் கொஞ்ச நேரம் வீட்டில் விடுங்கள். அவள் அம்மா ஊட்டினால் அவள் பட்டினி கிடந்துவிடுவாள், அவளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. அந்தப் பெல்ட் வெளியே போன நாளிலிருந்து யாராவது தட்டை எடுத்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். என் கையால் மட்டும்தான் சாப்பிடுகிறாள் சார். தாடையை இரண்டு பக்கமும் கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்போது வாயைத் திறந்துவிடுவாள்.