போடியார்ர மெசின் ஸ்டேரிங்

கிட்ட வாங்க. லாம்பத் தணிச்சு வை... இது பொய்யெண்டா இந்தா குந்தியிருக்கிற காலிதீனக் கேளுங்க. அவன்ட மாமாவுக்கு நடந்தது.

எழுபத்தொம்பதாம் ஆண்டு. ஆவணி மாசம், மஃரிபு தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, பொழுது படுற நேரம். வயல் வட்டைக்குள்ள வாய்க்கால் கட்டு றோட்டு. ஒரு சனம் இல்ல. அந்த றோட்டால நல்லரெத்தினம் தனிய டிராக்டர் மெசின் ஓட்டி வாறான். பாண்டிருப்பு ஆள். ஊர்ல பெரிய வயல்காரர் முகைதீன்பாவா போடியார்ர உழவு மெசினுக்குப் பத்து வருசமா அவன்தான் றைவர். வளைவு வருது... ஸ்டேரிங்கச் சுத்துறான். வீல் திரும்பல்ல. மறுகாலும் சுத்துறான். சும்மா சுத்துது... டமார். மெசின் தலைகீழா வாய்க்காலுக்குள்ள. அவன் அதுக்குக் கீழ.

ஏன் திரும்பல்ல? அது காலிதீன்ட மாமாவுக்குத் தெரியும். கச்சிமுகம்மது மெக்கானிக். அது கிழட்டு மெசின், ஸ்டேரிங்க அரை வட்டம் சுத்தினாத்தான் முன் வீல் அசையும். கீழ ஸ்டேரிங்கையும் வீலையும் பூட்டுற இரும்புக் குண்டு, போல் எண்டுற சாமான், தேஞ்சு போச்சு. புதுசு கொழும்பால வர ரெண்டு கிழமை. போடியார் பொறுக்கல்ல. "நாளைக்குச் சூடு மிதிச்சு நெல்லெடுக்க மெசின் வேணும். என்னத்தையாவது வெச்சு இறுக்குடா." மாமா பால்மா ரின்னை வெட்டி, அந்தத் தகரத்தப் போலுக்கு அண்டக் குடுத்து இறுக்கிட்டார். ஆட்டம் நிண்டிச்சு. தகரம் எத்தின நாளைக்குத் தாங்கும்? வளைவுல தகரம் கழண்டு, போல் துள்ளிட்டு.

பொலிசு வந்து கேட்டிச்சு. "றைவர் குடிவெறியில ஓட்டினான்" எண்டார் போடியார். "ஸ்டேரிங்ல ஒரு பிழையும் இல்ல" எண்டார் மாமா.

வெறியாம்! அந்த மனிசன் கோயில்ல தீ மிதிக்க நேந்து விரதம் இருந்த ஆள். பாண்டிருப்பு முழுக்க ஒரே கதை, விரதத்த முறிச்சான், அம்மாள் அடிச்சிட்டா எண்டு. பொஞ்சாதி இராசாத்தி மாமாட பட்டறைக்கு வந்து அழுதா. "காக்கா, நீங்க அண்ணன் மாதிரி, அவர் குடிக்கல்ல எண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லுங்க." மாமா குனிஞ்சு நட்டுக் கழட்டினார். தூ... என்ன மனிசன்!

வாய்க்காலால தூக்கின மெசின் மாமாட பட்டறையில. மறுகா புதுப் போல் வந்திச்சு. அது பூட்டுறதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தன் மேல குந்தியிருந்து ஸ்டேரிங்க ஆட்டணும். மத்தவன் கீழ படுத்து, கைய வெச்சு எங்க ஆடுது எண்டு பார்க்கணும். எப்பவும் மேல இருந்து ஆட்டுறது நல்லரெத்தினம்தான். அண்டைக்கு மாமா தனிய. பொழுது படுகுது... கீழ படுத்தார். பழக்கத்துல வாய் சொல்லிட்டு. "ஆட்டு."

கடக்... கடக்...

ஆடுது. இடப்பக்கம், வலப்பக்கம். அவர்ர கைக்குள்ள போல் உருளுது. வாய்க்கால் சேத்து மணம். மேல இருந்து தண்ணி... ஒவ்வொரு சொட்டா நெத்தியில.

"போதும்" எண்டார். நிக்கல்ல. வேகம் கூடிச்சு. பேய் விரட்டுற ஆயத்துல் குர்ஸி ஓதப் பார்த்தார், பாதியில மறந்து போச்சு. கடைசியில கத்தினார். "நல்லரெத்தினம்! பிழை என்டதான்! இராசாத்திட்டச் சொல்லிர்றன்!"

நிண்டிச்சு. வெளிய வந்து பார்த்தா ஒருத்தரும் இல்ல. சீட்டு மட்டும் நனைஞ்சு கிடக்கு.

சொன்னாரா? சொல்லல்ல. பேய்க்குப் பயந்தது ஒரு பின்னேரம். போடியாருக்குப் பயந்தது ஆயுசுக்கும்.

விடிஞ்சதும் மெசினக் குடுக்கப் போனார். போடியார் வழியில ஏறி மட்கார்ட்டுல குந்திட்டார். ஸ்டேரிங்க ஒரு விரலால சுத்தலாம், அப்பிடி வேலை. சந்தியில மாமா போடியார்ர வீட்டுப் பக்கம் வெட்டப் பார்த்தார்... இறுகிட்டு. ரெண்டு கையாலயும் இழுத்தார். பிரேக் மிதிச்சார், பிடிக்கல்ல. மெசின் தன்ட பாட்டுல பாண்டிருப்புப் பக்கம் திரும்பி, ஒரு ஒழுங்கைக்குள்ள பூந்து, வேலியொண்டுக்கு முன்னால நிண்டிச்சு. இராசாத்திட வேலி.

சனம் கூடிட்டு. அவ வெளிய வந்து நிண்டா. மெசினையும் மாமாவையும் பார்த்துக்கொண்டு நிண்டா.

போடியாருக்கு வேர்த்து ஊத்துது. "என்னடா கச்சி, குடிச்சிருக்கியா?"

அந்த இடத்துல உண்மையச் சொல்லியிருந்தா, செத்தவன்ட பேர் திரும்பி வந்திருக்கும். மாமா இராசாத்திட முகத்தப் பார்த்தார்... போடியார்ர முகத்தப் பார்த்தார்.

"ஓம் போடியார்... குடிச்சிட்டன்."

அவ்வளவுதான். ஸ்டேரிங் இளகிட்டு.

நாக்குல கள்ளு படாத மனிசன். அண்டைக்குத் தொட்டு அவர்ர வாயில கள்ளு மணம். பள்ளிவாசல்ல தொழுகைக்குப் பக்கத்துல ஒருத்தனும் நிக்க மாட்டான். பொஞ்சாதி நஸீறா மூக்கப் பொத்திக்கொண்டுதான் சோறு வெச்சா. எட்டு வருசம் அப்பிடியே கிடந்து, எண்பத்தேழுல மௌத்தாகிக் கண்ண மூடினார்.

மையித்தக் குளிப்பாட்டினது காலிதீனப் பெத்த வாப்பா. மூணு தரம் தண்ணி ஊத்தி, கற்பூரம் போட்டு, அத்தர் பூசியும் கள்ளு மணம் போகல்ல... சந்தூக்குப் பெட்டியத் தூக்கினவங்க மூச்சப் பிடிச்சுக்கொண்டுதான் போனாங்க. வாப்பா இப்பயும் சோத்துல கை வைக்க முதல் கைய மோந்து பார்ப்பார். பார்த்திட்டு, எழும்பிப் போய் மறுகாலும் கழுவுவார்.