அக்காவின் கடைசி வேண்டுதல்

— என்னது, நிறுத்திட்டியா? எதை நிறுத்திட்ட?

— சாமி கும்பிடுறதைத்தான்டா. அதுக்கு ஏன் இப்படிக் கத்துற? காலையில உன் நெஞ்சைத் திறக்கப் போறாங்க, அந்தப் பயம் கொஞ்சமாவது இருக்கா உனக்கு?

— அக்கா, விளையாடாத. உன்னை வரச் சொன்னதே எனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கோன்னு சொல்லத்தான்.

— நீ எப்பதான் வேற எதுக்குக் கூப்பிட்டிருக்க? இன்டர்வியூன்னா போன். விமானம் ஏறப்போறேன்னா போன். மகளுக்குப் பிரசவ வலின்னா டாக்டருக்கு முன்னாடி எனக்குப் போன். "நான் நம்பலக்கா, ஆனா நீ ஒரு பக்கம் வேண்டிக்கோ."

— ஆமா, நம்பலதான். வாழ்நாள் பூரா கடவுள் இல்லைன்னு பாடம் நடத்தின பேராசிரியர் நான்.

— அப்புறம் நான் வேண்டினா என்ன, வேண்டாட்டி என்ன?

— அது அப்படியில்லக்கா. குடும்பத்துல ஒருத்தராவது நம்பணும்.

— நல்லாருக்கே கதை! நீ மெத்தையில சாஞ்சுக்கிட்டு ஹாயா நம்பாம இருப்ப. உனக்கும் சேர்த்து நான் முட்டி தேயணுமா? உன் பொண்டாட்டியைக் கேளேன்.

— அவ கணக்கு டீச்சர். நூறு பேருக்கு இந்த ஆபரேஷன் பண்ணினா எத்தனை பேர் பிழைக்கிறாங்கன்னு சதவீதம் சொல்லி ஆறுதல் பண்றா. பொண்ணு என்னடான்னா, "பாசிட்டிவா இருங்கப்பா"ன்னு மெசேஜ் போடுறா. மிச்சம் இருந்தது நீ ஒருத்திதான்க்கா! நீயும் இப்படிப் பண்ணினா நான் யாருகிட்டப் போவேன்?

— சார், என்ன சார் இது? மானிட்டர் இந்தக் கத்துக் கத்துது! பிரஷர் எங்க நிக்குது பாருங்க.

— நர்சம்மா, நீங்களே நியாயம் சொல்லுங்க. ஆபரேஷனுக்கு முதல் நாள் வந்து சொல்ற சேதியா இது?

— எந்தச் சேதியா இருந்தாலும் மயக்கம் தெளிஞ்ச பிறகு பேசிக்கலாம் சார். அம்மா, நீங்க கீழ போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்களேன்.

— காபியா? அந்த வாசனை பட்டாலே எனக்குக் குமட்டும்மா.

— நர்சம்மா, கீழ பிரார்த்தனை அறைன்னு ஒண்ணு இருந்துச்சே, அங்க கூட்டிட்டுப் போங்க எங்க அக்காவை. பழைய ஞாபகம் வரட்டும்.

— அதை எடுத்துட்டாங்க சார். இங்க வர்றவங்க எல்லாம் வசதியானவங்க, படிச்சவங்க. ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல, பூட்டியே கிடந்துச்சு. இப்ப அந்த ரூம்லதான் காபி மெஷின் நிக்குது. கூட்டம் அள்ளுது!

— பாத்தியாடா? படிப்பும் வசதியும் ஏற ஏற பக்தி இறங்கும்னு ரெண்டாவது அத்தியாயத்துல நீ எழுதினது அப்படியே நடக்குது.

— ரெண்டாவது அத்தியாயமா? அக்கா, நீ என் புத்தகத்தைப் படிச்சியா? நான் உனக்குக் குடுக்கவே இல்லையே!

— குடுக்கலதான். தெருவுல போறவன் வர்றவனுக்கெல்லாம் குடுத்த, கூடப் பொறந்தவளுக்குக் குடுக்கல. அந்த ரோஷத்துல நானே கடைக்குப் போய்க் காசு குடுத்து வாங்கினேன். ஒரு வரி விடாமப் படிச்சேன்.

— அய்யோ, சார் புத்தகம் எல்லாம் எழுதுவீங்களா? சொல்லவே இல்லையே!

— அந்தப் பையை எடுங்கம்மா. உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. நைட் டியூட்டி பொண்ணுக்கும் ஒண்ணு. மயக்க டாக்டருக்கு நேத்தே குடுத்துட்டேன்.

— சும்மா வேண்டாம் சார். கடையிலயே வாங்கிக்கறேன்.

— கடையில... கடையில கிடைக்காதும்மா. வந்த சூட்டுலயே தீர்ந்துபோகுதே. இதையே வச்சுக்குங்க.

— சரி சார், நன்றி. இனிமே வாயைத் திறக்காமப் படுங்க. இன்னொரு தடவை மானிட்டர் கத்திச்சுன்னா அம்மாவை வெளியில அனுப்பிடுவேன்.

— நல்ல பொண்ணு. அவ சொன்ன மாதிரி கண்ணை மூடிப் படுடா.

— எப்படிப் படுக்கறது? அக்கா, உண்மையைச் சொல்லு. என் புத்தகத்தாலதான் நிறுத்தினியா?

— உன் புத்தகத்தாலதான்.

— அடக் கடவுளே!

— யாரைக் கூப்பிடுற?

— என் மாணவன் ஒருத்தன்கூட மாறலக்கா. கடவுள் இல்லைங்கிற பாடத்துல பரீட்சை எழுதறதுக்கே கும்பிட்டுட்டுத்தான் வந்து உக்காருவான். உலகத்துல யார் யாரோ மாறாம இருக்கறப்ப, போயும் போயும் நீயா மாறணும்? சரி, இப்ப நான் சொல்றதைக் கேளு. இவ்வளவு பெரிய உலகம் தானாவா வந்திருக்கும்? யாராவது ஒருத்தர் பண்ணியிருக்கணும்ல?

— அதைத்தான் மூணாவது அத்தியாயத்துல கிழிகிழின்னு கிழிச்சிருக்கியே.

— மூணாவது அத்தியாயம் அவசரத்துல எழுதினது. அதை விடு. காலங்காலமா கும்பிட்டவங்க எல்லாரும் முட்டாளா?

— பழசுங்கிறதால எதுவும் உண்மையாகிடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்க.

— சரிக்கா, உண்மையோ பொய்யோ, மனசுக்கு ஒரு நிம்மதி...

— அதுக்குத் தூக்க மாத்திரையே போதும்னு எழுதினது யாரு? நானா?

— என் கையாலயே என் கண்ணைக் குத்தறியே!

— இதை எழுதறப்ப யார் கண்ணைக் குத்தறதா நெனச்ச?

— ஊர்க்காரங்க கண்ணை. உன் கண்ணை இல்லக்கா. அதனாலதானே உன் கண்ணுல படாம ஒளிச்சு வச்சேன்! எவன் விட்டாலும் நீ விட மாட்ட, எனக்கும் சேர்த்து நீ பாத்துக்குவன்னு நெனச்சுத்தான் அத்தனை தைரியமா எழுதினேன்.

— என்னடா இது, கண்ணு கலங்குது?

— பயமா இருக்குக்கா. சின்ன வயசுல பரீட்சைக்குப் போறப்ப வாசல்ல திரும்பிப் பாப்பேன். நீ சுவரைப் பாத்துக் கையைக் கூப்பிக்கிட்டு உதட்டை முணுமுணுத்துக்கிட்டு நிப்ப. நான் படிச்சது பாதி, அது பாதி. நாளைக்கு அந்தக் கதவுக்குள்ள தள்ளிட்டுப் போறப்பவும் திரும்பிப் பாப்பேன். நீ சும்மா கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்ப. அதைப் பாத்துட்டு எப்படிக்கா உள்ள போவேன்?

— அழாதடா கண்ணு. முகத்தைத் துடை. வாதத்துக்குப் பயந்தெல்லாம் நான் விடலடா. பாதி எனக்குப் புரியவே இல்ல.

— பின்ன, வசதி வந்ததாலயா?

— அதுவும் கொஞ்சம் உண்டு. முன்னல்லாம் பஸ் வரணும்னே வேண்டுவேன். கூரை ஒழுகக் கூடாது, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கணும், வீட்டுக்காரர் சம்பளத்தோட நேரா வீடு வந்து சேரணும். நாள் பூரா ஏதாவது கேட்டுக்கிட்டே இருப்பேன். இப்ப மகன் தலையெடுத்துட்டான். போனைத் தட்டினா வாசல்ல கார் நிக்குது. கேக்க ஒண்ணும் இல்ல. ஆனாலும் பழக்கம் விடல, சும்மாவாச்சும் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் உன் புத்தகத்தை வாங்கினேன்.

— வாங்கி?

— நீ நல்லா எழுதியிருந்தடா. அதுதான் எனக்குப் பயமா போச்சு. எதிர்வீட்டுல ஒருத்தி, புருஷன் எந்திரிக்காமக் கிடக்கறான், ராத்திரி பகலா கும்பிடுறா. அவளுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. இந்தப் புத்தகம் அவ கையில சிக்கினா அவ என்னடா ஆவா? அதனால கண்ணை மூடிக் கேட்டேன். என் தம்பி நல்லா இருக்கட்டும், ஆனா இந்தப் புத்தகம் மட்டும் இனிமே கடையில ஒண்ணுகூட விலை போகக் கூடாதுன்னு.

— என்ன கேட்ட?

— கோவிச்சுக்காத. என் வீட்டுக்குன்னு கேக்காம அடுத்தவளுக்காக நான் கேட்டது அது ஒண்ணுதான். அந்த வாரமே நீ போன் பண்ணின. "அக்கா, சக்கைப்போடு போடுது, கடையில வைக்க வைக்கத் தீருது"ன்னு குதிச்ச. அன்னிக்கே எனக்கு விட்டுப்போச்சு. இதைக்கூடக் கேக்கலேன்னா அங்க யாருமே இல்லைன்னுதானே அர்த்தம்? அதோட சரி... என்னடா, ஏன் பேயறைஞ்ச மாதிரி முழிக்கிற? மானிட்டர் வேற கத்துது!

— அக்கா... நான் ஒண்ணு சொல்லுவேன். சிரிக்கக் கூடாது.

— சொல்லித் தொலையேன்.

— வீட்டுல என் கட்டிலுக்கு அடியில அட்டைப் பெட்டி அடுக்கியிருந்துச்சே, ஞாபகம் இருக்கா?

— மறுபதிப்புன்னியே?

— மறுபதிப்பு இல்லக்கா. முதல் பதிப்பு. விக்கலைன்னு பதிப்பாளர் வண்டி வச்சுத் திருப்பி அனுப்பினது.

— அத்தனையுமா?

— ஒண்ணே ஒண்ணு மட்டும் வித்துச்சாம். எந்தப் புண்ணியவான் வாங்கினானோன்னு இத்தனை நாளும் நெனச்சு நெனச்சு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன். அது நீதானாக்கா?

— சார்! நான்தான் சொன்னேன்ல, மறுபடியும் பாருங்க! அம்மா, எழுந்திரிங்க, வெளியில போங்க.

— போறேன்மா, நானே கிளம்பிட்டேன். முதல்ல அந்தப் புத்தகத்தை இப்படிக் குடு. ரெண்டையும் குடு. ஆங்... இப்ப சொல்லு, காபி மெஷின் நிக்குதுன்னியே, அந்த ரூம் எந்தப் பக்கம்?

— காபியா? வாசனையே உங்களுக்கு ஆகாதுன்னீங்களே?

— மூக்கைப் பொத்திக்கறேன். நீ வழியை மட்டும் சொல்லு.