கேட்காத ஓசையும் வெங்கடம்மாவின் கன்னமும்

அவைக்கு அணிசெய்யும் தலைவர் வேதாச்சலம் அவர்களே! அனுபவத்தை அறுவடை செய்த ஊர்ப் பெரியவர்களே! களையெடுப்பை விட்டு வந்த தாய்மார்களே! ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து, சாப்பிடாமல்கூட வந்திருக்கும் தம்பி தங்கைகளே! வணக்கம்.

கங்காதர நெல்லூரின் இந்த மேடையில் கால் நூற்றாண்டாகப் பேசுகிறேன். எந்தத் தலைப்பிலும் திணறியதில்லை. இன்று திணறுகிறேன். என் மகள் சந்தியாவைப் பாராட்ட அழைத்தீர்கள். அவள் என்ன செய்கிறாள் என்பதே எனக்குப் பிடிபடவில்லையே!

ஊசியில்லாமல் மருந்து ஏற்றும் கருவியாம். கன்னத்தின் உட்புறம் மருந்தை வைத்து அல்ட்ராசவுண்ட் கொடுப்பார்களாம். ஓசை உள்தோலை இளக்க, மருந்து ரத்தத்தில் கலக்குமாம். "எங்கே, அந்த ஓசையைக் கேட்போம்" என்றேன். "அது காதுக்குக் கேக்காது நைனா" என்கிறாள். கேட்காத ஓசையா? ஓசையை நம்பிப் பிழைக்கும் என்னிடமா இந்தக் கதை? ஸ்கேன் என்றால் வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பது. வாய்க்குள் எந்தப் பிள்ளை இருக்கிறது?

பின்வரிசையில் என்ன கூச்சல்? என் பேச்சும் கேட்கவில்லையா? அப்படியானால் இதுவும் அல்ட்ராசவுண்ட்தான்!

சிரிக்காதீர்கள். என் மனைவி வெங்கடம்மாவுக்குச் சர்க்கரை. தினம் வயிற்றில் இன்சுலின் ஊசி. குத்திக் குத்தித் தழும்பேறி, போன மாதம் ஊசியையே நிறுத்திவிட்டாள். மயங்கி விழுந்தவளைத் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழைத்து வந்தும் ஊசி வேண்டாம் என்கிறாள். போட்டால் அழுகிறாள், போடாவிட்டால் விழுகிறாள். நான் என்ன செய்வேன்?

மகளின் கருவிச் சோதனையில் சேர வெங்கடம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டும். அந்தப் படிவம் ஒரு வாரமாக என் சட்டைப்பையில் கிடக்கிறது. நன்மையா? தீமையா? மகளை நம்பவா? மனைவிக்காக அஞ்சவா? அறியேன், அறியேன், அறியேன்!

அதோ, கூட்டத்தில் எழுந்து நிற்பது வெங்கடம்மாவேதான். என்னம்மா? சொல், சொல்.

"கன்னத்துல பொகையில அடக்கிக்கினு இருந்தப்போ தலை கிறுகிறுன்னு சுத்திச்சே, அது எந்த ஊசியில ஏறிச்சாம்? கையெழுத்து போடுய்யா! அந்த மெஷினு வர்ற வரைக்கும் ஊசி போட்டுக்கினு இருக்கறேன்."

கேட்டீர்களா பெரியோர்களே? போட்டுக்கொள்கிறாளாம்! நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் வராத சொல்! கருவி பலிக்குமா? தெரியாது. ஓசை உண்டா? அதுவும் தெரியாது. என் குழப்பம் குழப்பமாகவே இருக்கட்டும். அவள் இருக்க வேண்டும்!

தலைவர் அவர்களே, பேனா கொடுங்கள். இதோ படிவம். போட்டுவிட்டேன்.

பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வெங்கடம்மா, வா, வீட்டுக்குப் போவோம். சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. வணக்கம்!