மஞ்சள் பாதம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் விளக்குவது அவர்தான், மேடம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மனிதர். அவரை யாரும் தப்பாகப் பேசிவிடக் கூடாது.

என் கணவர் நெல்லையப்பன் வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்தவர். நான் சேரப்பணஞ்சேரிக்காரி. வல்லம் வடகாலில் இருவருக்கும் ஒரே தொழிற்சாலை; எனக்கு உதிரிபாகங்களைச் சோதித்து அனுப்பும் வேலை. காதலிக்கும்போது அவர் என்னை அழைத்துப்போனது சினிமாவுக்கு இல்லை. எங்கள் ஊர் ஏரிக்கு, கொக்கு காட்ட.

எனக்கு எல்லாக் கொக்கும் வெள்ளைதான். "ஏட்டி, கொக்குக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியல, நீ எப்படி லைன்ல பீஸ் பாஸ் பண்ணுத?" என்று சிரிப்பார். பிறகு தோளோடு தோள் நின்று, விரலால் காட்டிச் சொல்லித் தருவார். வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடினால் பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். ஆனால் பாதம் சேற்றில் புதைந்திருக்கும். அது காலைத் தூக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். திரும்பவும் விரல் நீளுமே, அதற்காக.

போன மாதம் தங்கை சசிரேகாவோடு படப்பைக்குப் போகும் வழியில் இளநீர் குடிக்க நின்றோம். பக்கத்து வாய்க்காலில் ஒரு கொக்கு. "எம்மாம் பெரிய கொக்கு பாருடி" என்றேன்.

"இல்லக்கா. கோடு கண்ணத் தாண்டல பாரு. நடுத்தரம்" என்றாள்.

காக்காவையும் கோழியையும் தவிர வேறெதுவும் தெரியாத பெண். சரியாகச் சொன்னாள்.

அவர் ஓ.டி. என்று கிளம்பிய ஞாயிறுகளில் அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்குக் காட்டியதைப் போலத்தான் அவளுக்கும் காட்டியிருப்பார். நான் சண்டை போடவில்லை. கேட்டால் பாவம், சங்கடப்படுவார்.

அடுத்த ஞாயிறு நானே ஏரிக்குக் கூப்பிட்டேன். ஆகாயத்தாமரை மூடிய பக்கமாக ஒரு கொக்கு நின்றது. பைனாகுலர் என் கழுத்தில்.

"சின்னக் கொக்கு" என்றேன்.

"போ ஏட்டி. இவ்ளோ ஒசரமா நிக்கி. அது நடுத்தரம்லா."

"பெட்டு. தோத்தா தெனமும் நீதான் பாத்திரம் வெளக்கணும். கிட்டப் போய்ப் பாரு."

"ஆழம் இருக்காதுல்லா?"

"கொக்கே நின்னுகினு கீது, உனக்கின்னா?"

சிரித்தபடி பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கினார்.

அது உயரமாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. கால் முழுதும் வெளியே இருந்தது. மஞ்சள் பாதம் பைனாகுலரில் பளிச்சென்று தெரிந்தது. அசையாமல் நிற்கும் கொக்குக்குப் பாதம் தெரிகிறதென்றால், அது சேற்றில் நிற்கவில்லை. மிதக்கும் செடிமேல் நிற்கிறது. அடியில், கம்பெனி மனைகளை மேடாக்க மண் அள்ளிய பள்ளம். லாரியே முங்கும். ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். அவர் ஆற்றில் நீந்தி வளர்ந்தவர்தான். ஆனால் ஆகாயத்தாமரை வேர் காலைச் சுற்றினால் நீச்சல் உதவாது.

அவர் கை ஒருமுறை மேலே வந்தது. கொக்கு பறந்தது. காலை நீட்டிப் பறக்கையில் மஞ்சள் பாதம் யாருக்கும் தெரியும். அவரும் பார்த்திருப்பார். நான் சரியாகச் சொன்னதற்குச் சந்தோஷப்பட்டிருப்பார்.

எனக்கு யார்மேலும் கோபமில்லை, மேடம். சசிரேகாவுக்குத்தான் பாவம், பாடம் வாய்க்கோட்டோடு நின்றுவிட்டது. இந்த ஞாயிறு நானே அவளை ஏரிக்குக் கூட்டிப்போய் மஞ்சள் பாதத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் நீங்கள் ஜீப்போடு வந்துவிட்டீர்கள்.